என் வயலில் விழுந்த சிவப்புப் புள்ளி

பள்ளிக்கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, அதன்மேல் எங்கள் ஊரைக் காட்டினார்கள்.

பெட்டியிலிருந்து வெளிச்சம் போய் வேட்டியில் விழுந்தது. ஆறு தெரிந்தது, வாய்க்கால் தெரிந்தது, மூன்று தெருவும் தெரிந்தன. வானத்திலிருந்து பார்த்தால் எங்கள் ஊர் இவ்வளவுதானா என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதன்மேல் பச்சையும் மஞ்சளுமாகப் புள்ளிகள். பச்சை என்றால் தரை அப்படியே இருக்கிறது. மஞ்சள் என்றால் கொஞ்சம் இறங்குகிறது. சிவப்பு என்றால் நன்றாகவே இறங்குகிறது. அப்படித்தான் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

எனக்கு எழுத்து தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனால் அந்தப் படத்தில் எழுத்தே கிடையாது, நிறம்தான். அதனால் மற்றவர்கள் எப்படிப் படித்தார்களோ அப்படியே நானும் படித்தேன்.

ஊர் முழுக்க ஒரே ஒரு சிவப்பு. அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. என் வயலை நான் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். வானத்திலிருந்து பார்த்தாலும்தான்.

எனக்கு அடுத்தபடியாகக் கண்டுபிடித்தவன் குணசேகரன். என் கொழுந்தனார் மகன்.

"பெரியம்மா, அது உங்க வயல்தானே? போர்க்கிணத்துக்குப் பக்கத்துல?"

"ஆமாடா. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? நான் ஒரு வருஷமா தொண்டை கிழியச் சொல்றேனே, உங்க போருதான் அடிமண்ணை உறிஞ்சுது, அதான் என் வீட்டுச் செவரு வெடிக்குதுன்னு. இப்ப வானத்துலேர்ந்தே சொல்லிட்டாங்க."

வந்திருந்த கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் முந்தானையைச் சரி செய்துகொண்டு நேராக உட்கார்ந்தேன். கூட்டத்தில் தலையைக் குனிந்து எனக்குப் பழக்கமில்லை.

சிமெண்ட் வேண்டாம் என்றேன்

போன வாரம் இதே பத்திரிகையில் நான் வாயால் சொல்லி எழுதவைத்த மாட்டுத் தரகர் கதையைப் படித்துவிட்டு, திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் ஒரு அம்மாள், "அந்த மாடு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார். மாடு நன்றாகத்தான் இருந்தது, இரண்டு கன்று போட்டது. இந்த வாரம் மாடு இல்லை, மண்.

இது ரொம்ப நாளைக்கு முந்திய கதையும் இல்லை. நேற்று முந்தாநாள் போலத்தான் இருக்கிறது. ஒரு சித்திரை மாத வெயிலில், திருச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஜெசிந்தா என்ற பெண் இரண்டு ஆட்களோடு எங்கள் ஊருக்கு வந்தாள். தொப்பி போட்டிருந்தாள். ஜனம் நெருக்கமாக இருக்கிற ஊர்களில் தரை இறங்குகிறதா, இறங்கினால் எதனால் என்று படம் போட வந்திருப்பதாகச் சொன்னாள்.

"தரை இறங்குமா? நெல்லு மூட்டையா அது?" என்று கேட்டேன்.

"இறங்கும்மா. ரொம்ப மெதுவா. வருஷத்துக்கு ஒரு நெல்மணி கனம் இறங்கினாக்கூட எங்களுக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அப்போதுதான் அந்தத் தகரத்தைக் காட்டினாள். மூன்று தகடுகளைச் சேர்த்து, வீட்டு மூலையைப் பெயர்த்து எடுத்து வந்த மாதிரி ஒரு சாமான். மேலே சுற்றுகிற செயற்கைக்கோள் ஓர் அலையை அனுப்புமாம். அது இந்த மூலையில் பட்டுத் திரும்பிப் போகுமாம். போய்ச் சேருவதில் வருகிற வித்தியாசத்தை வைத்து, தரை இறங்கியதா ஏறியதா என்று கணக்குப் போடுவார்களாம். மரமும் கரண்டுக் கம்பியும் மறைக்காத இடம் வேண்டும் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு, என் வயலின் வடகிழக்கு மூலையில் வந்து நின்றாள்.

"இங்க ஒரு சின்னக் குழி எடுத்து, சிமெண்ட் ஊத்தி, அதுமேல முடுக்கிடுறோம்மா."

"சிமெண்டா? நெல்லு போடுற மண்ணுலயா? உங்க வீட்டுச் சோத்துப் பானையில ஊத்துவியா?"

பாவம், அந்தப் பெண் எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். நான் மசியவில்லை. கடைசியில் தகரத்துக்கு மூன்று இரும்புக் கால் வைத்து, காய்ந்து கிடந்த மண்ணில் சம்மட்டியால் அடித்து இறக்கினார்கள். சித்திரை மாதத்து எங்கள் களிமண் பாறை மாதிரி இருக்கும். ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. "பரவாயில்லைம்மா, நிக்கும்" என்றாள். போர் மேடை, மதகுச் சுவர், தெருமுனை என்று அங்கங்கே கோல் வைத்து உயரம் அளந்துகொண்டு போனாள்.

சிமெண்டுக்கு இன்றைக்கு வந்து கேட்டாலும் நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

மண் வாய் திறக்கும்

எங்கள் மண்ணைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கோடையில் அது வெடிக்கும். வெடிப்பு என்றால் கோடு கோடாக இல்லை, கன்றுக்குட்டி கால் மாட்டிக்கொள்கிற அளவுக்கு. நான் கல்யாணமாகி வந்த புதிதில், வயலில் சாணி பொறுக்கும்போது ஒரு கால் மெட்டி கழன்று வெடிப்புக்குள் போய்விட்டது. கையை விட்டால் முழங்கை வரை போகிறது, மெட்டி அகப்படவில்லை. உள்ளே அந்த வெயிலிலும் ஜில்லென்று இருந்தது. என் மாமியார் வரப்பில் நின்றுகொண்டு, "விடு, தண்ணி பாஞ்சா மண்ணு வாயை மூடிக்கும்" என்றார். மண் வாயை மூடிக்கொண்டது. மெட்டி மண்ணுக்குத்தான்.

தண்ணீர் பாய்ந்தால் அதே மண் ஊறி, உப்பி, இட்லி மாவு மாதிரி மேலே வரும். ஆகவே எங்கள் மண் ஏறும் இறங்கும் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால்தான் பயம்.

போர் வந்த நாள்

என் வீட்டுக்காரர் தவறிய மறு வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. பத்து மா நிலத்தையும், அதாவது மூன்று ஏக்கர் சொச்சத்தையும், தரிசாகப் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பங்காளிகள் குத்தகைக்குக் கொடுத்துவிடு என்றார்கள். கொடுத்தால் என்ன செய்வது? அடுப்பைப் பார்த்துக்கொண்டா இருப்பது? போர் போடுவது என்று முடிவு செய்தேன்.

நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு என் வயலில் நடந்தார். ஓர் இடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. அவர் நிறுத்தினாரா, அதுவாக நின்றதா, எனக்குத் தெரியாது. லாரி வந்து துளை போட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் ஊரே காதைப் பொத்திக்கொண்டிருந்தது. முதலில் சாம்பல் நிறத்தில் சேறு வந்தது, பிறகு மணல், பிறகு தண்ணீர். மூன்று தெரு ஜனமும் குடத்தோடு வந்து நின்றது. எங்கள் ஊரில் ஒரு பொம்பளை பெயரில் போட்ட முதல் போர் அதுதான்.

அன்றைக்கு முதல் குடம் பிடித்துப் போனது குணசேகரனின் அம்மா. அதை இங்கே சொல்லிவைக்கிறேன். அவன் நாற்றங்காலும் இத்தனை வருஷமாக அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தது.

மோட்டார் நின்றது

திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

குணசேகரன் கத்தியதும் ஜெசிந்தா எழுந்து நின்றாள். "அண்ணே, ஒரு நிமிஷம். இது முடிவு இல்லைங்க. ஒரே ஒரு புள்ளியை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. தரை இறங்க நிறையக் காரணம் இருக்கும். ஆழத்துலேர்ந்து தண்ணி இழுக்கிறது ஒண்ணு. களிமண்ணு காயறது ஒண்ணு. ஆறு கொண்டாந்து போட்ட வண்டல் தன்னாலயே அமுங்கும். கட்டடத்தோட பாரம்கூட இருக்கலாம். நான் நேர்ல வந்து அளந்து பாத்துட்டுத்தான் சொல்லணும். அதுக்குத்தான் இன்னைக்கு உங்களையெல்லாம் கேக்க வந்தோம்."

"புள்ளி செவப்பா இருக்குல்ல? அப்பறம் என்னத்த அளக்கிறது?"

அவன் மேல் எனக்குக் கோபம் வந்தாலும், அவன் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. சிங்கப்பூரில் வெயிலில் நின்று சம்பாதித்துக் கட்டிய வீடு. சமையல்கட்டுச் சுவரில் மேலிருந்து கீழே வெடிப்பு. ஒரு பல்லி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரும். அவன் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன்கட்டில்தான் படுக்கிறாள். பயந்தவனுக்கு யாராவது ஒருத்தரைக் கை காட்ட வேண்டும்.

ஊராட்சித் தலைவர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "அத்தை, அந்தப் பொண்ணு திரும்ப வந்து அளக்குற வரைக்கும் மோட்டாரை நிறுத்தி வைங்க. ஊரு வாயை என்னால மூட முடியாது."

"நிறுத்திட்டுத் தாளடிக்கு நாத்தை எதுல வளக்குறது? ஆத்துல முறை வெச்சுத்தானே தண்ணி விடுறாங்க?"

"எனக்கு ஆத்துத் தண்ணியே போதும்" என்றான் குணசேகரன், என்னைப் பார்க்காமல்.

அப்படியா என்று எழுந்து வந்துவிட்டேன். கல்லூரிக்குத் திரும்பிப் போகிற வழியில் ஜெசிந்தா போனில் கூப்பிட்டாள். "அம்மா, ஒண்ணே ஒண்ணு. அந்தத் தகரத்தை யாராவது தொட்டாங்களா? மாடு கீடு முட்டிச்சா?"

"என் வயல்ல யாரு தொடுவா? ஒருத்தரும் தொடலை" என்றேன். உண்மை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

மோட்டாரை நிறுத்தினேன். அந்தப் புரட்டாசியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. போரை மூடச் சொல்லிவிட்டால் என் நிலம் குத்தகைக்குப் போக வேண்டியதுதான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஊரை மண்ணுக்குள் இறக்கியவள் என்ற பெயரை எங்கே கொண்டுபோய் வைப்பது? டீக்கடைப் பையன்கள் என்னைக் கண்டால், "அப்பாயி, மெதுவா நடங்க, தரை அமுங்கிடப் போவுது" என்றார்கள். "உன் கல்லாப்பெட்டி கனத்துக்கு அமுங்காத தரை என் கனத்துக்கா அமுங்கும்?" என்று கேட்டுவிட்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு, தரையில் காலை அழுத்தி மிதித்துப் பார்த்தேன். பொய் சொல்வானேன், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே என் தண்ணீர்தான் அந்தப் பிள்ளைகள் தலைக்குமேல் சுவரை வெடிக்க வைக்கிறதோ?

நாற்று நுனி கருக ஆரம்பித்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் குணசேகரனின் நாற்றும் கருகியது. நாங்கள் இரண்டு பேரும் வரப்புக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று அதைப் பார்த்தோம்.

தூக்கு, தூக்கு!

ஐப்பசியில் ஆற்று முறை வந்தது. வந்த தண்ணீரை வைத்து இரண்டு வயலை மட்டும் சேறாக்கினேன். நடவு அன்று காலையில்தான் ஜெசிந்தாவும் அளக்க வந்தாள். தலைவர் வந்தார். கூப்பிடாமலே குணசேகரனும் வந்து வரப்பில் கைகட்டி நின்றான்.

எங்கள் பக்கத்தில் நடவை நினைத்த இடத்தில் ஆரம்பிக்க மாட்டோம். வடகிழக்கு மூலையை, அதாவது ஈசானிய மூலையை, சனி மூலை என்போம். மழை வருவதும் அங்கிருந்துதான். அந்த மூலையில் சாணிப் பிள்ளையார் பிடித்து, சூடம் காட்டி, முதல் நாற்றை அங்கேதான் ஊன்ற வேண்டும். அதற்கப்புறம்தான் மற்ற இடம்.

நான் பிள்ளையார் பிடித்துக்கொண்டிருந்தேன். நடவுக் கூட்டத்துக்குத் தலைவி சரோஜா. அவளும் இன்னொருத்தியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூலைக்குப் போனார்கள். தகரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

"தூக்குடி."

வரவில்லை.

"நல்லாத் தூக்குடி, காலையில சாப்பிடலையா?"

"நீ பிடிச்ச பக்கம்தான் அசையலை, என்னைச் சொல்லு. போன நடவுக்கு லேசா வந்துச்சே, இப்ப என்ன இவ்வளவு ஆழமா பொதைஞ்சு கெடக்கு?"

வரப்பில் வந்துகொண்டிருந்த ஜெசிந்தா அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இப்ப என்ன சொன்னீங்க? போன நடவுக்கா?"

"ஆமா" என்றாள் சரோஜா. "ஆனி மாசம் குறுவை நடவுக்கு. மொத நாத்து இங்கதானேம்மா வைக்கணும்? அதான் பிடுங்கி வரப்புல வெச்சுட்டு, நட்டு முடிச்சு, திரும்ப அதே எடத்துல கொண்டாந்து வெச்சோம். துணியால தொடச்சுக்கூட வெச்சோம். ஒரு கீறல் விழலை, வேணா பாத்துக்க."

"எப்படி வெச்சீங்க?"

"எப்படின்னா? சேத்துல ஒரு அழுத்து அழுத்தி வெச்சோம்."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். "அம்மா, நான் போன்ல கேட்டேனே. யாராவது தொட்டாங்களான்னு."

"யாரும் தொடலையே."

"தூக்கியே வெச்சிருக்காங்க!"

"அது நடவுக்கும்மா" என்றேன் நான். சரோஜாவும் அதையேதான் சொன்னாள். கோலம் போட வாசலில் இருக்கிற செருப்பை எடுத்து ஓரமாக வைத்தால், யாராவது செருப்பைத் தொட்டேன் என்பார்களா? எங்களுக்கு அது அப்படித்தான். சாமி காரியத்துக்கு நகர்த்தியது நகர்த்தியதாகவே மனசில் நிற்கவில்லை.

அந்தப் பெண் தொப்பியைக் கழற்றிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்தாள். அழப்போகிறாளோ என்று பயந்தேன். சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

"அம்மா, உங்க நெலம் இறங்கலை. தகரம்தான் இறங்கியிருக்கு. கெட்டி மண்ணுல நின்னதை சேத்துல வெச்சா, அது பாரத்துக்கு அது கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகும்ல? செயற்கைக்கோள் அதைப் பாத்துட்டு, இந்த இடமே இறங்குதுன்னு சொல்லிடுச்சு."

கையிலிருந்த சாணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சில் புரட்டாசி முழுக்க உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போனது எனக்கு நன்றாகத் தெரிந்தது. முதலில் வந்த நினைப்பு போரைப் பற்றிக்கூட இல்லை. அந்தப் பிள்ளைகள் தலைமேல் சுவரை நான் வெடிக்க வைக்கவில்லை என்பதுதான்.

அவள் அதோடு விடவில்லை. ஆட்களைக் கூப்பிட்டு, மதகுச் சுவரிலிருந்து ஆரம்பித்து, போர் மேடை, தெருமுனை எல்லாம் கோல் வைத்து அளந்தாள். சித்திரையில் இருந்த அளவேதான் இருந்தது. தலைவரைக் கூப்பிட்டு அளக்கிற கருவியின் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னாள். அவர் பார்த்துவிட்டுத் தெரிந்தவர் மாதிரி தலையாட்டினார்.

"ஆனா ஒண்ணும்மா" என்றாள் என்னிடம். "போரே தப்புப் பண்ணாதுன்னு நான் சொல்லலை. எல்லாரும் சேந்து வருஷக்கணக்கா இழுத்தா அடிமண்ணு அமுங்கும். டவுன் ஓரத்துல, புதுசு புதுசா வீடு வர்ற பக்கம், மஞ்சள் கூடிட்டே வருது. அங்க தண்ணி காரணமா இருக்கலாம்னு பாத்துட்டிருக்கோம். நீங்களும் தேவைக்கு மட்டும் ஓட்டுங்க."

"தேவையில்லாம ஓட்டுறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?" என்றேன். ஆனால் அவள் சொன்னது மனசில் தங்கியது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிற நாளில் இப்போது நான் மோட்டார் பக்கம் போவதில்லை.

அப்ப என் செவரு?

குணசேகரன் கட்டியிருந்த கையைப் பிரித்தான். இப்போது கேட்டான். "எல்லாம் சரி. அப்ப என் செவரு ஏன் வெடிக்குது?"

நியாயமான கேள்விதான். ஜெசிந்தா எழுந்து அவன் வீட்டுக்கே வந்தாள். சுவரைத் தட்டினாள், வெளியே போய்ப் பின்பக்கத்துத் தரையைப் பார்த்தாள். வீட்டின் முன்பாதி நேராக இருந்தது. சமையல்கட்டுப் பக்கம் மட்டும் கொஞ்சம் சரிந்திருந்தது.

"அண்ணே, இந்த எடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"மனைதான்."

"மனையா? குட்டைடா" என்றேன் நான். "நான் வாக்கப்பட்டு வந்தப்ப இங்க எருமை கெடந்துச்சு. உங்க அப்பாதான் வண்டி வண்டியா மண்ணடிச்சுத் தூத்தாரு. உன் சமையல்கட்டு அது மேலதான் நிக்குது."

அவன் பெண்டாட்டி கதவுக்குப் பின்னாலிருந்து, "குட்டை மேலயா நான் சோறாக்குறேன்?" என்றாள்.

ஜெசிந்தாவுக்கு முகம் தெளிந்தது. தூர்த்த மண் அமுங்கி அடங்க வருஷக்கணக்காகும், அதனால்தான் அந்தப் பக்கம் மட்டும் இறங்கி வெடித்திருக்கும் என்றாள். ஊர் இறங்கவில்லை, வீடும் விழப் போவதில்லை. அந்த ஒரு சுவரைப் பிரித்து, அஸ்திவாரத்தை ஆழமாக எடுத்துக் கட்டினால் போதும், எதற்கும் ஒரு நல்ல இன்ஜினீயரிடம் காட்டிவிடுங்கள் என்று சொன்னாள். குணசேகரன் பெண்டாட்டி பிள்ளைகள் இரண்டையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். குணசேகரன் சுவரைப் பார்த்தபடி நின்றான். ஒரு வருஷமாக அவனும் தூங்கவில்லை என்பது அவன் தோள் இறங்கியதில் தெரிந்தது.

தகரத்தைப் பிடுங்கி என் போர் மேடையில் முடுக்கினார்கள். அங்கே ஏற்கெனவே சிமெண்ட் இருந்தது.

தலைவர், "அத்தை, மோட்டாரைப் போடுங்க" என்றார்.

கொட்டகைக்குப் போனேன். பின்னாலேயே குணசேகரன் வந்தான். "நீங்க இருங்க பெரியம்மா, நான் போடுறேன்."

"என் மோட்டாரை நான் போட்டுக்குவேன். நீ தள்ளி நில்லு."

பச்சைப் பொத்தானை அழுத்தினேன். ரொம்ப நாள் சும்மா கிடந்ததால் குழாய் இரண்டு தடவை இருமியது. துரு கலந்த தண்ணீர் குபீரென்று வந்து, நான் தள்ளி நிற்கச் சொன்னவனின் இஸ்திரி போட்ட சட்டையில் அடித்தது. நடவுப் பெண்கள் வயலிலிருந்து குரல் கொடுத்துச் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் தெளிந்ததும் குனிந்து முகத்தைக் கழுவினான். கழுவிக்கொண்டே, தண்ணீரைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னான்.

"என் நாத்தும் காயுது பெரியம்மா."

"எனக்குக் கண்ணு இல்லையா? போய் மடையைத் தெற."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். அவன் பக்கத்து மடையை, வேண்டியதைவிடக் கொஞ்சம் அகலமாகவே வெட்டினான். நான் அதைப் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி, ஒரு கட்டு நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினேன்.